நாலு மூச்சுக்கு ஒரு ஆள்

வாயைத் திறக்க மாட்டேன் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காகிதத்தின் கடைசியில், "படம் வெளியாகும் நாள் வரை" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். படம் போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இனி என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் ஒரு காலத்தில் என் வீட்டுக்காரரின் சைக்கிள் உதிரிபாகக் கிடங்கு. அவர் ஓய்வெடுக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டோம். பையன் என்றால் நாற்பது வயசு இருக்கும். காதில் ஹெட்போன் இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. தெருவில் அவன் பேரே ஹெட்போன்தான். சுவர் முழுக்கப் பஞ்சு அடித்து, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, பாட்டுப் பதிவு செய்கிற இடமாக்கிவிட்டான். எங்கள் மாடிப்படி ஓரத்தில் ஒரு சிவப்பு பல்பும் மாட்டினான். அது எரியும்போது நான் தண்ணீர் மோட்டார் போடக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, என் வீட்டுக்காரர் தும்மக் கூடாது. சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி நுனிக்காலில் நடந்தோம்.

இவ்வளவு பஞ்சு அடித்தவன் ஒன்றை மறந்துவிட்டான். அவனுடைய பதிவறைக்கு நேர் மேலே எங்கள் குளியலறை. இரண்டுக்கும் ஒரே காற்றுக்குழாய். கீழே ஊசி விழுந்தால் மேலே எனக்குக் கேட்கும். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. ஆனால் மனுஷி குளிக்காமல் இருக்க முடியுமா? அந்தப் படத்தின் பாட்டுப் பதிவான வாரம் நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளித்தேன் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்வது சுத்தப் பொய். நாலுதான்.

வந்த பாட்டு ஒரு பறக்கிற வீரன் படத்துக்கு. முதுகில் துணி பறக்க, மேகத்துக்குள் போய்ச் சண்டை போடுவானே, அந்த மாதிரி. பட நிறுவனத்திலிருந்து ஒருத்தர் வந்தார். வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றாதவர். தலையில் என்ன இருக்கிறது, அல்லது என்ன இல்லை என்று தெரிந்துகொள்ள நான் எவ்வளவோ பாடுபட்டேன், முடியவில்லை. என்னிடம் கையெழுத்து வாங்கியது அந்தத் தொப்பிதான். தினமும் சாயங்காலம் பதிவு முடிந்ததும், பாட்டு இருக்கிற பெட்டியைக் கழற்றிப் பூட்டுப் போட்ட பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நொடிப் பாட்டுகூட இங்கே தங்கக் கூடாதாம். குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போகிற மாதிரி, மணி ஐந்தானால் வாசலில் பையோடு நிற்பார்.

பாட்டுக்குப் பெரிய விளம்பரம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிரிந்துபோன ஒரு ராக் இசைக்குழு இந்தப் படத்துக்காக மறுபடியும் சேர்கிறது என்று. குழு என்றால் இரண்டே பேர். பாடுகிறவன் தம்பி. டிரம்ஸ் வாசிக்கிறவள் அக்கா. கிடார் எங்கிருந்தோ கம்பி வழியாக வந்து சேர்ந்தது. அதை வாசித்தவரை யாருமே பார்த்ததில்லை.

"அக்காவும் தம்பியும் ஒண்ணா வருவாங்களா?" என்று ஹெட்போனைக் கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. தம்பி திங்கக்கிழமை. அக்கா புதன்கிழமை. நேர்ல பாக்கக் கூடாதுன்னு அக்கா கண்டிஷன்."

"அப்புறம் எப்படி சேர்ந்து பாடின பாட்டு?"

"நான் ஒட்டிடுவேன்."

மாப்பிள்ளை திங்கட்கிழமை வந்து தாலி கட்டிவிட்டுப் போக, பெண் புதன்கிழமை வந்து கழுத்தை நீட்டுகிற கல்யாணம் மாதிரி இருந்தது எனக்கு. ஹெட்போன்தான் அதற்குப் புரோகிதர்.

திங்கட்கிழமை தம்பி வந்தான். ஒல்லி, கருப்புச் சட்டை, நரைத்த தாடி. காரை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே போனான். நான் குளிக்கப் போனேன்.

துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் ஒருத்தன் தனியாகப் பாடுவதைக் கேட்பது விசித்திரமான அனுபவம். அடுத்த வீட்டில் யாரோ தொலைபேசியில் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். வீரன் மேகத்திலிருந்து விழுகிறபோது வருகிற பாட்டாம். கத்தினான், இறங்கினான், முனகினான், பிறகு திடீரென்று நிறுத்தினான். அப்படி நாலு இடங்களில் பாட்டு முழுசாக நிற்கிறது. நின்ற இடத்தில் ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் அவன் மூச்சு இழுத்தான் பாருங்கள்! டாக்டர் முதுகில் குழாயை வைத்து "நல்லா இழுங்க" என்றால் இழுப்போமே, அப்படி. மாடி வரைக்கும் கேட்டது. நாலு இடத்திலும் அதே இழுப்பு.

பாவம், ஆஸ்துமா என்று நினைத்தேன். சிவப்பு பல்பு அணைந்ததும் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். வெந்நீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே பார்த்த மாதிரியும் இருக்கும்.

"எனக்கு எதுக்கும்மா?" என்றான் தம்பி.

"மூச்சு வாங்கறீங்களே."

அவன் சிரித்தான். "அது எனக்கில்லம்மா" என்றான். ஆனால் வெந்நீரைக் குடித்துவிட்டுத்தான் போனான். அது அவனுக்கில்லை என்றால் யாருக்கு? செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்கு இதே யோசனை. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை காலை வாசலில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. கூரைமேல் மஞ்சள் பலகை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக. தெருவில் யார் கார் கற்றுக்கொள்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால், இறங்கியவள் கையில் இரண்டு குச்சிகள். ஐம்பது வயசு இருக்கும். கணுக்கால் தெரிய மடித்துவிட்ட பேன்ட், தட்டையான செருப்பு. அக்காதான். குழு பிரிந்த பிறகு ஒன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் தொழிலாம். ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது அவள்தானாம்.

ஏன் பிரிந்தார்கள் என்பதை நான் சும்மா விடுவேனா? ஹெட்போனைக் கறந்ததில் கிடைத்தது இது: தம்பி தனியாக ஒரு பாட்டுப் போட்டானாம், அக்காவிடம் சொல்லாமல். அதில் டிரம்ஸுக்குப் பதில் மெஷின். அவளுக்கு அது ஒரு பெட்ரோல் பங்க் ரேடியோவில்தான் தெரிந்ததாம். போதாததற்கு, "மெஷின் சண்டை போடாது" என்று பேட்டி வேறு கொடுத்தானாம். வாய்க்கொழுப்புக்கு ஒரு அளவு வேண்டாமா? அன்றைக்குக் குச்சியைக் கீழே வைத்தவள்தான்.

சிவப்பு பல்பு எரிந்தது. நான் குளியலறைக்குப் போய் நின்றேன். கீழே ஸ்பீக்கரில் தம்பியின் குரல். அக்கா அடிக்க ஆரம்பித்தாள். எனக்கு ராக்கும் தெரியாது, ரோலும் தெரியாது. ஆனால் குளியலறை வாளியில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. பாட்டு நின்றது. நிசப்தம். பிறகு குரலும் டிரம்ஸும் ஒரே நொடியில் சேர்ந்து இடி மாதிரி விழ வேண்டும். விழவில்லை. அவள் முந்திக்கொண்டாள். மறுபடியும். இந்த முறை பிந்தினாள். மறுபடியும். மறுபடியும். படியில் ஒரு கால் தவறினால் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போடுமே, ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்படி இருந்தது.

"காதுல பீப் வருது பாருங்க, அத எண்ணி அடிங்களேன்" என்றார் தொப்பி.

"அவன் பீப்ப கேட்டா பாடியிருக்கான்? இஷ்டத்துக்கு நிறுத்தியிருக்கான். ஒரு இடத்துல நீளம், ஒரு இடத்துல குட்டை. பீப்ப எண்ணி நான் என்ன பண்றது?"

வியாழக்கிழமையும் அதே கதை. வெள்ளிக்கிழமை மதியம் தொப்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தினால் குழாயில் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

"மேடம், நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்குப் பாட்டு போயாகணும். மெஷின்ல போட்டுக்கறோம். உங்க பேர் அப்படியே இருக்கும். யாருக்கும் தெரியப் போறதில்ல."

குச்சிகளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியுமே" என்றாள் அக்கா. "மெஷினால வெளிய போனவ நான். இப்ப மெஷினுக்கு என் பேர வைக்கச் சொல்றீங்களா? பேரையும் எடுத்துடுங்க."

கதவு சாத்துகிற சத்தம். நான் துண்டைப் போட்டுவிட்டு, காப்பி டம்ளரோடு இறங்கினேன்.

அவள் கிளம்பவில்லை. காரில் உட்கார்ந்திருந்தாள். அதுவும் இடத்தைப் பாருங்கள், பழக்கதோஷத்தில் சொல்லித்தருகிறவர் இருக்கையில். ஓட்டுகிற இருக்கை காலி. எனக்கு வேறு வழி? அதில் போய் உட்கார்ந்தேன்.

"கிளட்ச்ல கால வைக்காதீங்க" என்றாள், திரும்பாமலே. கால் எங்கே இருக்கிறது என்று எப்படித்தான் தெரிந்ததோ.

காப்பியைக் கொடுத்தேன். ஆறுதலாக எதைச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது, விசாரிக்கத்தான் வரும்.

"உங்க தம்பிக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"இல்ல, திங்கக்கிழமை பாடறப்போ ரொம்ப மூச்சு வாங்கினாரு. வெந்நீர்கூடக் கொண்டு போய்க் கொடுத்தேன்."

அவள் டம்ளரை டேஷ்போர்டில் வைத்தாள். "எங்க?"

"எங்கன்னா? கீழதான். பிளாஸ்க்ல."

"வெந்நீர் இல்லங்க. மூச்சு. பாட்டுல எந்த இடத்துல வாங்கினான்?"

"பாட்டு நிக்குமே, அந்த நாலு இடத்துலயும். மாடி வரைக்கும் கேட்டுது. 'அது எனக்கில்லம்மா'ன்னு வேற சொன்னாரு. அப்ப யாருக்குன்னு அன்னிலேருந்து யோசிச்சிட்டிருக்கேன்."

சொல்லித்தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு மூச்சு இழுப்பாங்க" என்றாள் கடைசியில். "அத வெச்சுத்தான் கிளட்ச விடப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். கால பாக்கவே வேணாம். எங்க பாட்டுல ஒன் டூ த்ரீன்னு யாரும் எண்ண மாட்டோம். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அவன் இழுப்பான், நான் அடிப்பேன். இந்தப் பாட்டுல மூச்சே இல்ல. வேணும்னுதான் என்ன உள்ள வர விடாம அடைச்சிட்டான்னு நெனச்சேன்."

"அடைக்கலையே. மாடு மாதிரி இழுத்தாரே!"

அவள் காரைவிட்டு இறங்கிய வேகத்தில் காப்பி கொட்டிவிட்டது. துடைப்பதற்கு எனக்கு நேரமில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஹெட்போன் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினான். குரல் மலை மலையாக எழுந்து விழுந்தது. நாலு இடத்தில் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையான கோடு.

"சுத்தம் பண்ணியிருக்காங்க" என்றான். "இது ஆபீஸ்லேருந்து திரும்பி வந்த காப்பி. நான் செய்யலக்கா, சத்தியமா."

எல்லோரும் தொப்பியைப் பார்த்தோம்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் அவர். "வானத்துல பறக்கறவனுக்கு மூச்சு வாங்கினா நல்லாவா இருக்கும்? ஆடியன்ஸ் என்ன நினைப்பாங்க?"

"படில ஏறினா எனக்கே வாங்குது, மேகத்துக்கு ஏறினா அவனுக்கு வாங்காதா?" என்றேன். என் கருத்தை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

பழைய பதிவைக் கொண்டுவரலாமே என்றால், அது ஏதோ ஓர் அலுவலகத்தில் பூட்டுக்குள் இருக்கிறதாம். திறக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டுமாம். இரண்டு வாரம் ஆகுமாம். பாட்டை யாரும் திருடிவிடக் கூடாது என்று அவ்வளவு பத்திரம். மூச்சு மட்டும் பட்டப்பகலில் திருட்டுப் போயிருந்தது.

அக்கா ஹெட்போனிடம் கையை நீட்டினாள். "அவன் நம்பர போடு."

ஒன்பது வருஷம். நான் சுவரோரமாக, பஞ்சோடு பஞ்சாக நின்றேன். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்தான்.

"டேய்" என்றாள்.

திரையிலிருந்த தட்டைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூச்ச யாரோ வெட்டிட்டாங்கடா."

"நாலுமா?"

"நாலும்."

"வரேன்" என்றான். அவ்வளவுதான். நலம் விசாரிப்பு, அழுகை, ஒன்றும் கிடையாது. இதற்காகவா நான் காப்பியைக் கொட்டவிட்டு ஓடி வந்தேன் என்று இருந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு தம்பி வந்து சேர்ந்தான். பாட இல்லை, மூச்சு இழுக்க. உலகத்தில் எத்தனையோ வேலைக்கு எத்தனையோ பேர் பயணம் போயிருப்பார்கள், இதற்காக யாராவது போயிருப்பார்களா? தொப்பி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரை வழக்கம்போலக் குறுக்காகப் போட்டுவிட்டு அவன் உள்ளே போனான். சிவப்பு பல்பு எரிந்தது. நான் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரும் பேப்பரை வைத்துவிட்டு வந்து குளியலறைக் கதவருகே நின்றார். அவருக்கு ஆர்வமே கிடையாதாம். கால் மரத்துப்போச்சாம், அதனால் எழுந்தாராம்.

ஏற்பாடு இதுதான். ஸ்பீக்கரில் திங்கட்கிழமைத் தம்பி பாடுவான். பக்கத்தில் நிற்கிற சனிக்கிழமைத் தம்பி, அந்த நாலு இடத்தில் மட்டும் மூச்சு இழுப்பான்.

பாட்டு ஓடியது. நின்றது. இழுத்தான். அடி விழவில்லை. குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெட்போன் நிறுத்தினான்.

அவ்வளவுதான், மெஷின்தான் என்று நினைத்தேன்.

"என்னாச்சுக்கா?" தம்பியின் குரல்.

"உன் மூச்சு மாறிப்போச்சு. முன்னெல்லாம் கரகரன்னு வரும்."

"சிகரெட்ட விட்டுட்டேன்."

"எப்ப?"

"நாலு வருஷமாச்சு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"நீ போன எடுத்தாத்தானே."

"மெஷினுக்குப் போன் போட்டிருக்க வேண்டியதுதானே?"

"போட்டேன். அது மூச்சு கேக்க மாட்டேங்குது." குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பேட்டி... திமிருக்கா. வேற ஒண்ணுமில்ல."

"மணி பதினொண்ணரை!" என்றார் தொப்பி.

"இரு தொப்பி" என்றாள் அக்கா. நான் வைத்த பேர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "டேய், இன்னொரு தடவ சும்மா இழு. பாட்டு வேணாம். கேட்டுக்கறேன்."

இழுத்தான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஆறேழு தடவை இருக்கும். குச்சி ஓரத்தில் மெல்லத் தட்டுகிற ஓசை வந்தது. புதுச் செருப்பில் நாலடி நடந்து பார்க்கிற மாதிரி.

"ம். போடு."

பாட்டு ஓடியது. நின்றது. அப்போது பார்த்து என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். முப்பத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்த முகத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பாய்ந்து அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்தேன். கீழே மூச்சு. அடுத்த நொடி இடி. குரலும் அடியும் ஒன்றாக விழுந்ததில் சோப்புப் பெட்டி அலமாரியிலிருந்து குதித்தது. இரண்டாவது மூச்சு, இடி. மூன்றாவது. நாலாவது. நாலுக்கும் நாலு. பிறகு பாட்டு முடிகிறவரை அவள் அடித்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்பது வருஷமாக யார் யாரோ கியர் மாற்றத் தெரியாமல் கொடகொடவென்று அரைத்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டவள், அத்தனைக்கும் சேர்த்து அடித்தாள்.

பல்பு அணைந்தது. என் வீட்டுக்காரரை விட்டேன். தெருக்கோடி வரை கேட்கிற மாதிரித் தும்மினார்.

தொப்பி பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது பையைப் பூட்டிக்கொண்டு ஓடினார். அக்காவும் தம்பியும் வெளியே வந்தார்கள். இப்போதாவது கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் பால்கனியில் துணி உலர்த்தப் போனேன். அவள் அவன் காரைப் பார்த்தாள்.

"இது என்ன பார்க்கிங்?"

"கெளம்பத்தானேக்கா போறேன்."

"ஏறு. ஒழுங்கா நேரா நிறுத்திட்டு அப்புறம் கெளம்பு."

அவன் ஏறினான். அவள் ஜன்னலருகே நின்றுகொண்டு கூரையைத் தட்டினாள். "கண்ணாடியப் பாரு. பின்னாடி பாரு. ஸ்டியரிங்க ஒடி. இன்னும் ஒடி. எங்கடா போற, தெருவுக்கா?" மூன்று தடவை எடுக்கவைத்தாள். மூன்றாவது தடவை வண்டி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அவள் காருக்குப் பின்னால், நேராக நின்றது. அதன் பிறகும் அவன் கிளம்பவில்லை. அவள் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. காருக்குக் காற்றுக்குழாய் கிடையாதே.

போன வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் ஏதேதோ வெடித்தது. கடைசியில் வீரன் மேகத்திலிருந்து தலைகீழாக விழுந்தான், பாட்டு ஆரம்பித்தது. விழுகிறான், விழுகிறான், பாட்டு நின்றது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மூச்சு இல்லை! மறுபடியும் வெட்டிவிட்டார்கள், அந்தத் தொப்பி வெட்டிவிட்டார். ஆனால் அடி இருந்தது. மூச்சு இருந்த இடத்துக்கு அடுத்த நொடி, இம்மி பிசகாமல், அவளுடைய அடி. இனி அதை யாரும் வெட்ட முடியாது.

இரண்டாவது தடவை பாட்டு நின்றபோது, அந்த வெற்றிடத்தில் ஒருத்தி உரக்க மூச்சு இழுத்தாள். முன் வரிசையில் நாலு தலை திரும்பிப் பார்த்தது.

"என்ன, உனக்கும் வாங்குதா?" என்றார் என் வீட்டுக்காரர். "வெந்நீர் வேணுமா?"

"அது எனக்கில்ல" என்றேன்.